கண்டுபிடிக்கப்படாத விலங்குகள், கதையிலும் திரையிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் படைப்புகளைப் பற்றிய பக்கம் இது?

ஆள் நடமாட்டமில்லாத தீவிலோ, ஏரியிலோ, பனிமலையிலோ, ஆழ்கடலிலோ அறிவியல் இன்னும் பதிவு செய்யாத விலங்கு ஒன்று வாழ்கிறது என்று வைத்துக்கொண்டு பின்னப்பட்ட கதைகளையும் படங்களையும் பற்றியது. பேய்களும் வேற்றுக்கிரகவாசிகளும் இதில் சேர்த்தியில்லை. பேய்க்கு எந்த விதியும் கிடையாது. இந்த விலங்குக்கோ எடை உண்டு, பசி உண்டு, மூச்சு வாங்கும். அந்த எடையைத் திரையில் உணரவைப்பதுதான் இந்த வகைப் படங்களின் முழுப் பாடும். கீழே வரும் பதில்களில் பாதி அதைப் பற்றியவை.

இந்த வகை எப்போது தொடங்கியது?

கடல் பூதக் கதைகள் மிகப் பழையவை. நவீன வடிவம் 19ஆம் நூற்றாண்டில் உருவானது. 1861இல் 'அலெக்டான்' என்ற பிரெஞ்சுக் கப்பல் அட்லாண்டிக்கில் ஒரு ராட்சதக் கணவாயை எதிர்கொண்டது. சில ஆண்டுகளில் ஜூல் வெர்ன் தன் நீர்மூழ்கி நாவலில் அப்படியொரு விலங்கைச் சண்டைக்கு இறக்கினார். 1912இல் ஆர்தர் கானன் டாயில் 'தி லாஸ்ட் வேர்ல்ட்' எழுதினார். தென்னமெரிக்காவில் செங்குத்தான பாறைச்சுவர்களால் துண்டிக்கப்பட்ட பீடபூமி, அதன் மேல் அழியாமல் தங்கிவிட்ட டைனோசர்கள். ரொரைமா மலையைப் பற்றிய செய்திகளே அந்தப் பீடபூமிக்கு வித்து.

அதன் திரைவடிவம் 1925இல் வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1922 ஜூனில், நியூயார்க்கில் மந்திரவித்தைக்காரர்கள் கூடிய விருந்தில் டாயில் எந்த விளக்கமும் சொல்லாமல் அதன் சோதனைக் காட்சிகளை ஓட்டிக் காட்டினார். ஹௌடினியும் அங்கே இருந்தார். ஏமாற்றுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் அசந்துபோனார்கள். மறுநாள் நாளிதழில் அது பெரிய செய்தி. பொம்மையைச் சிறிது நகர்த்தி ஒரு படம், மீண்டும் நகர்த்தி இன்னொரு படம் என்று எடுக்கும் 'ஸ்டாப் மோஷன்' முறையில் அந்த டைனோசர்களை அசைத்தவர் வில்லிஸ் ஓபிரையன். பின்னர் கிங் காங்கை அசைத்தவரும் அவரே.

படம் வந்த பிறகுதான் மக்கள் விலங்கைப் 'பார்க்க' ஆரம்பித்தார்களா?

பல இடங்களில் தேதிகள் அப்படித்தான் விழுகின்றன. ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியை எடுத்துக்கொள்வோம். 1933 ஏப்ரலில் 'கிங் காங்' லண்டனில் திரையிடப்பட்டது. அதில் நீண்ட கழுத்து டைனோசர் ஒன்று நீரிலிருந்து எழுந்து கரையேறி ஆட்களைத் துரத்தும். மே தொடக்கத்தில் உள்ளூர் நாளிதழான 'இன்வர்னஸ் கூரியர்' ஏரியில் ஏதோ புரண்டதாக எழுதியது. அந்தச் செய்தியில் நீண்ட கழுத்து இல்லை. ஜூலையில் ஜார்ஜ் ஸ்பைசர் என்ற லண்டன்காரர் ஏரிக்கரைச் சாலையை ஒரு விலங்கு குறுக்கே கடந்ததாகச் சொன்னார். நெளியும் நீண்ட கழுத்து, சாம்பல் நிறப் பருத்த உடல், கண்ணில் படாத கால்கள். நீண்ட கழுத்து அங்கேதான் கதைக்குள் நுழைந்தது. பின்னர் ரூபர்ட் கூல்ட் என்ற ஆய்வாளர் கேட்டபோது, அந்தப் படத்தைத் தான் பார்த்திருப்பதாகவும் ஸ்பைசர் ஒப்புக்கொண்டார்.

போர்ட்டோரிக்கோவில் 1995இல் கால்நடை ரத்தம் குடிக்கும் 'சுபகாப்ரா' பற்றிய பேச்சு பரவியது. முதுகில் முள்வரிசை, இரண்டு கால் நடை என்று முதலில் விரிவாக வர்ணித்த பெண் ஆகஸ்டில் பேசினார். அதே போன்ற உருவம் கொண்ட 'ஸ்பீஷிஸ்' படம் ஜூலையில் வெளியாகியிருந்தது. பெஞ்சமின் ராட்ஃபோர்ட் அந்தப் பெண்ணைச் சந்தித்துப் பேசி, அவர் படத்தைப் பார்த்திருந்ததைப் பதிவு செய்தார்.

இவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லிவிடக் கூடாது. அரைகுறை வெளிச்சத்தில், சில நொடிகளில் கண்ட ஒன்றுக்கு மனம் தன்னிடம் தயாராக இருக்கும் உருவத்தைத்தான் போர்த்தும். அந்த உருவத்தைத் தயார்செய்து வைத்தது திரை.

1934இல் வந்த புகழ்பெற்ற நெஸ் ஏரிப் புகைப்படம் எப்படி எடுக்கப்பட்டது?

கடையில் வாங்கிய பொம்மை நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் மேல் மரக்கூழ்ப் பசையால் தலையும் கழுத்தும் வனைந்தார்கள். நீர்மட்டத்துக்கு மேலே தெரிந்த உயரம் ஏறக்குறைய ஓர் அடி. செய்வித்தவர் மார்மட்யூக் வெதரெல். அதற்குச் சில மாதங்கள் முன்பு ஏரிக்கரையில் விலங்கின் காலடித்தடம் கண்டதாக அவர் அறிவித்திருந்தார். அது பதப்படுத்திய நீர்யானைக் காலால் யாரோ பதித்தது என்று அருங்காட்சியகம் சொல்லிவிட, அவமானப்பட்டிருந்தார். பொம்மையைச் செய்த வளர்ப்புமகன் கிறிஸ்டியன் ஸ்பர்லிங் தன் கடைசிக் காலத்தில் உண்மையைச் சொன்னார். 1994இல் அது வெளியானது.

இதில் கற்க வேண்டியது படத்தை வெட்டிய விதம். பத்திரிகையில் வந்தது நெருக்கமாக வெட்டப்பட்ட பகுதி. முழுப் படத்தில் அகன்ற நீர்ப்பரப்பும் எதிர்க்கரையும் தெரிகின்றன. அப்போது 'விலங்கு' சுருங்கிவிடுகிறது. அளவைக் காட்டிக்கொடுக்கும் பொருள் எதையும் சட்டகத்துக்குள் விடாதே என்பது பொம்மை எடுக்கும் எவருக்கும் முதல் விதி.

சினிமாவுக்காகச் செய்த பொம்மை அந்த ஏரியிலேயே மூழ்கியது உண்மையா?

உண்மை. பில்லி வைல்டர் 1970இல் வெளியிட்ட ஷெர்லாக் ஹோம்ஸ் படத்துக்காக வாலி வீவர்ஸ் ஏறக்குறைய 9 மீட்டர் நீளமுள்ள நீண்ட கழுத்து விலங்கைச் செய்தார். முதுகில் இரண்டு திமில்கள். வைல்டருக்குத் திமில்கள் பிடிக்கவில்லை, எடுத்துவிடச் சொன்னார். பொம்மையை மிதக்கவைத்தவையே அவைதான். 1969இல் இழுத்துப் போகும்போது பொம்மை தலைகுப்புற உள்ளே போயிற்று. மீதிக் காட்சிகளை ஸ்டூடியோவில் எடுத்தார்கள். 2016இல் சோனார் பொருத்திய நீர்மூழ்கி ரோபோ ஏரியின் அடித்தரையில் அதைக் கண்டது.

கிங் காங் உண்மையில் எவ்வளவு பெரிய பொம்மை?

18 அங்குலம்தான். தீவில் காங் 18 அடி உயரம் என்று வைத்துக்கொண்டதால் ஓர் அடிக்கு ஓர் அங்குலம். நியூயார்க் காட்சிகளுக்குக் குரங்கை 24 அடியாகக் காட்டினார்கள்; ஒரே படத்துக்குள் அளவு மாறுவதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. உள்ளே உலோக எலும்புக்கூடு, மூட்டுக்கு மூட்டு குண்டும் கிண்ணமுமான இணைப்பு. மார்செல் டெல்காடோ அதன் மேல் தசைகளைக் கட்டி, முயல்தோல் போர்த்தினார். முகம், கை, பாதம் ஆகியவற்றுக்கு நிஜ அளவில் தனி உருவங்கள் செய்தார்கள். நாயகியைப் பிடித்திருக்கும் அந்தப் பெரிய கை அப்படிச் செய்ததே.

படத்தை உற்றுப் பார்த்தால் காங்கின் மயிர் ஓயாமல் சிலிர்த்துக்கொண்டிருக்கும். காற்றினால் அல்ல. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பொம்மையை விரலால் பிடித்து நகர்த்தும்போது மயிர் கலைந்து வேறு பக்கம் சாய்கிறது. இது குறைதான். ஆனால் கோபத்தில் மயிர் நிற்பது போல அமைந்து காட்சிக்கு உயிர் கொடுத்துவிட்டது.

வீட்டில் ஸ்டாப் மோஷன் விலங்கு செய்ய என்ன வேண்டும்?

25 முதல் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள பொம்மை வசதியானது. இதைவிடச் சிறியதில் விரலசைவே பெரும் குதிப்பாகத் தெரியும். எலும்புக்கு மென்மையான அலுமினியக் கம்பி, 3 மில்லிமீட்டர் அளவில் போதும். முறுக்கேறாத கம்பியை இரண்டாக மடித்துப் பின்னுங்கள். தொடை, முன்னங்கை போன்ற வளையக் கூடாத பகுதிகளில் எபாக்சி புட்டியைச் சுற்றி இறுகவிடுங்கள். வளைவு மூட்டில் மட்டும் நிகழ வேண்டும். பாதத்துக்குள் ஒரு நட் பதித்து, தரைப்பலகையில் துளையிட்டு அடியிலிருந்து திருகாணியால் இறுக்குங்கள். பாதம் நழுவினால் எடை போய்விடும்.

கம்பி முதலில் முறிவது கணுக்காலில். முழு எடையும் அங்கே விழுகிறது. ஒவ்வொரு அடியிலும் முன்னும் பின்னும் வளைகிறது. ஆகவே காலை மட்டும் கழற்றி மாற்றும்படி, பித்தளைக் குழாய் ஒன்றில் செருகி வையுங்கள். கழுத்திலும் அதே ஏற்பாடு நல்லது.

நொடிக்கு 24 ஃபிரேம். ஒவ்வொரு நிலையையும் இரண்டு ஃபிரேம் வைத்தால் நொடிக்கு 12 நிலைகள். 10 நொடிக் காட்சிக்கு 120 முறை நகர்த்த வேண்டும். தொடக்கத்துக்கு இது போதும். வேகமான பாய்ச்சலுக்கு மட்டும் ஃபிரேமுக்கு ஒரு நிலை.

கேமராவில் எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றையும் கைமுறைக்கு மாற்றுங்கள். தானியங்கியாக விட்டால் ஃபிரேமுக்கு ஃபிரேம் வெளிச்சம் துடிக்கும். ஜன்னலை மூடுங்கள், வெயில் நகர்வது படத்தில் தெரியும். வெள்ளைச் சட்டை அணிந்து வேலை செய்யாதீர்கள். துணியில் பட்டுத் திரும்பும் ஒளி பொம்மை மேல் விழுந்து மினுங்கும். காட்டுக் காட்சியில் உயிருள்ள செடி வைக்கக் கூடாது. நீங்கள் நான்கு மணி நேரம் எடுக்கும் காட்சி திரையில் சில நொடி. அதற்குள் இலை வாடித் தலைசாயும். காகிதம், மெல்லிய தகடு, பிளாஸ்டிக் இலைகளே சரி.

எல்லாம் சரியாகச் செய்தும் பெரிய விலங்கு சின்னதாகவே தெரிகிறதே?

வேகத்தைப் பாருங்கள். பெரிய பொருள் விழ அதிக நேரம் எடுக்கும். 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல்லுக்கு 0.45 நொடி, 25 மீட்டரிலிருந்து விழும் கல்லுக்கு 2.26 நொடி, அதாவது ஐந்து மடங்கு. உயரம் 25 மடங்கானால் நேரம் அதன் வர்க்கமூலம், 5 மடங்கு. ஆகவே 1:25 அளவு (உண்மையில் 25இல் ஒரு பங்கு) மாதிரியை நொடிக்கு 24 ஃபிரேமின் ஐந்து மடங்கான 120 ஃபிரேமில் எடுத்து 24இல் ஓட்டினால் இடிந்து விழும் சுவர் உண்மைச் சுவர் போல விழும்.

கைபேசியின் 60 ஃபிரேம் ஏறக்குறைய 1:6 மாதிரிக்கும், 240 ஃபிரேம் 1:100 மாதிரிக்கும் பொருந்தும். வேகமாக எடுக்கும்போது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைக்கும் ஒளி குறையும்; அதை ஈடுகட்ட விளக்குகளைக் கூட்ட வேண்டும். லென்ஸின் துளையை எஃப் 11, எஃப் 16 வரை சுருக்கினால்தான் முன்னும் பின்னும் தெளிவாக இருக்கும். பின்னணி மங்கினால் கண் உடனே 'சின்னப் பொருள்' என்று படித்துவிடும். சுருக்கிய துளைக்கு இன்னும் வெளிச்சம் வேண்டும். மாதிரிப் படப்பிடிப்புத் தளங்கள் அனலாகக் கொதிப்பது இதனால்தான்.

ஸ்டாப் மோஷனிலும் இதே கணக்கு. கனமான கால் உயரும்போது மெதுவாக, தரையைத் தொடுமுன் வேகமாக, தொட்டபின் உடல் சற்று அமிழ்ந்து நிமிர வேண்டும். அந்த அமிழ்வுக்கு இரண்டு மூன்று நிலைகள் ஒதுக்குங்கள். புதியவர்கள் தவறாமல் விட்டுவிடுவது இது.

தண்ணீர் மட்டும் எந்தக் கணக்குக்கும் அடங்காது. துளியின் அளவைப் பரப்பு இழுவிசை தீர்மானிக்கிறது. விலங்கு சின்னதென்றால் துளியும் சின்னதாகிவிடாது. அதனால் நீர்க் காட்சிக்கு 1:4, 1:6 போன்ற பெரிய மாதிரிகள் வேண்டும். 1:25 பொம்மை ஏரியில் எழுந்தால் குளியல் தொட்டி போலத்தான் தெரியும்.

1967இல் கலிஃபோர்னியாவில் எடுத்த பிக்ஃபூட் (வட அமெரிக்கக் காடுகளில் உலவுவதாகச் சொல்லப்படும் குரங்குமனிதன்) படச்சுருள் விவகாரத்திலும் வேகம் வருகிறதா?

அதுவே மையம். ரோஜர் பேட்டர்சனும் பாப் கிம்லினும் பிளஃப் கிரீக் என்ற இடத்தில் 16 மில்லிமீட்டர் கேமராவில் எடுத்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவான ஓட்டம். கேமரா நொடிக்கு எத்தனை ஃபிரேமில் ஓடியது என்பது உறுதிப்படவில்லை. 24 என்றால் அது சாதாரண மனித நடை. 16 அல்லது 18 என்றால் நடை மெதுவாகி, பெரிய உடல் என்று வாதிட இடம் கிடைக்கிறது. முந்தைய பதிலில் சொன்ன விதியே இங்கே இரு தரப்புக்கும் ஆயுதமாகிறது.

ஆளுக்குள் உடை போட்டு நடிக்கவைப்பது மட்டமான வழியா?

இல்லவே இல்லை. 1954இல் ஜப்பானின் 'கோஜிரா'வுக்கு (காட்ஜில்லா) எய்ஜி சுபுராயா ஸ்டாப் மோஷனைத்தான் விரும்பினார். நேரமும் பணமும் இடம்கொடுக்கவில்லை. முதல் உடை ஏறக்குறைய 100 கிலோ. அதைப் போட்டு ஹருவோ நகஜிமா சில அடிகளே நடக்க முடிந்தது. அதை இரண்டாக வெட்டி, பாதம் மட்டும் தெரியும் காட்சிகளுக்குப் பயன்படுத்திக்கொண்டு, இலகுவான இன்னொன்றைச் செய்தார்கள். உடையின் பாரமும், வேகமாக எடுத்து மெதுவாக ஓட்டியதும் சேர்ந்து அந்த நடைக்குக் கனம் தந்தன.

அதே ஆண்டு வந்த 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' படத்தின் அமேசான் செவுள்மனிதனை இருவர் நடித்தார்கள். கரையில் பென் சாப்மன், நீருக்கடியில் ரிக்கோ பிரௌனிங். உருவத்தை வரைந்ததில் முக்கியப் பங்கு மிலிசென்ட் பேட்ரிக்குடையது. பல ஆண்டுகள் அவர் பெயர் மறைக்கப்பட்டது நியாயமே இல்லை. நுரை ரப்பர் உடை மிதக்கும் என்பதால் பிரௌனிங் ஈயக் கட்டிகள் கட்டிக்கொண்டார். செவுளால் மூச்சுவிடும் விலங்கின் வாயிலிருந்து கொத்துக் கொத்தாகக் குமிழ் வரக் கூடாதே. ஆகவே பிராணவாயு உருளை இல்லை. சட்டகத்துக்கு வெளியே குழாயில் காற்றை இழுத்துக்கொண்டு, மூச்சடக்கி நீந்தினார்.

ஃபோம் லேட்டக்ஸ் (நுரை ரப்பர்) தோலை நாமே செய்யலாமா?

செய்யலாம். வழக்கமான விகிதம்: லேட்டக்ஸ் 150 கிராம், நுரைப்பான் 30, பதமாக்கி 15, உறைப்பான் 14. முதல் மூன்றையும் கலவைப் பாத்திரத்தில் மெதுவாகச் சேர்த்து, பிறகு அதிவேகத்தில் நான்கைந்து மடங்கு உப்பும்வரை அடியுங்கள். வேகத்தைக் குறைத்து மேலும் சில நிமிடம் ஓட்டினால் லேட்டக்ஸில் உள்ள அம்மோனியா வெளியேறிப் பெரிய குமிழ்கள் உடையும். உறைப்பானைக் கடைசியில் சேர்த்து, ஒரு நிமிடம் போலக் கலந்து, உடனே அச்சில் ஊற்றுங்கள். கெட்டியானதும் சுமார் 85 டிகிரி செல்சியஸ் சூட்டில், ஓவன் அடுப்பில் மூன்று மணி நேரம் போல வேகவைக்க வேண்டும். அச்சு தடிமனானால் இன்னும் கூடும். சமையல் அடுப்பில் வேண்டாம். இதற்கென்று ஒதுக்கிய அடுப்பில் மீண்டும் உணவு வைக்கக் கூடாது.

பாத்திரத்திலேயே உறைந்துவிட்டால் அறை சூடாக இருந்திருக்கும், அல்லது அம்மோனியா அளவுக்கு மீறிப் போயிருக்கும். சென்னைக் கோடையில் உறைப்பானை ஓரிரு கிராம் குறைத்துச் சோதியுங்கள். அச்சு ஈரமாக இருந்தால் தோலில் குழிகள் விழும். செம்புப் பாத்திரமோ கருவியோ படவே கூடாது. லேட்டக்ஸைச் செம்பு கெடுக்கும்.

திட்டமிட்ட காட்சி பொய்யாகத் தெரிந்தால் என்ன செய்வது?

1954இல் டிஸ்னி எடுத்த நீர்மூழ்கிப் படத்தின் கணவாய்ச் சண்டையைப் பாருங்கள். முதலில் செவ்வானம், அமைதியான கடல் என்று எடுத்தார்கள். கம்பிகள் தெரிந்தன; உடலில் அடைத்த பஞ்சு நீரை உறிஞ்சிக் கனத்து, கம்பிகள் அறுந்தன. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு இரவு, புயல், சாரல், அலை என்று மறுபடி எடுத்தார்கள். செலவு பெருகியது, கம்பிகள் மறைந்தன, காட்சி இன்றுவரை நிற்கிறது. மழையும் இருட்டும் சும்மா அலங்காரமல்ல, தொழில்நுட்பம்.

குரல் எப்படி உருவாக்குகிறார்கள்?

பதிவைப் பாதி வேகத்தில் ஓட்டினால் சுருதி ஓர் எண்மம் (ஆக்டேவ்) இறங்கும். காது அதைப் பெரிய மார்புக்கூடு என்று கேட்கும். கிங் காங்குக்கு மர்ரே ஸ்பிவாக் சிங்கத்தின், புலியின் உறுமலை மெதுவாக்கி, பின்னோக்கி ஓட்டிக் கலந்தார். கோஜிராவுக்கு அகிரா இஃபுகுபே விலங்குக் குரலைத் தேடவில்லை. டபுள் பேஸ் வாத்தியத்தின் தளர்த்திய தந்தியைப் பிசின் தடவிய தோல் கையுறையால் உருவி, அந்த ஒலியை மெதுவாக்கினார்கள்.

18 அடிக் குரங்கு உயிர்வாழ முடியுமா?

முடியாது. 1.7 மீட்டர், 170 கிலோ கொரில்லாவை 5.5 மீட்டருக்கு வளர்த்தால் உயரம் 3.2 மடங்கு. எடை அந்த மடங்கின் மும்மடி, ஏறக்குறைய 34 மடங்கு: ஆறு டன்னை நெருங்கும். எலும்பின் குறுக்குப் பரப்போ சுமார் 10 மடங்குதான் கூடும். யானையின் எடையை மடங்கிய குரங்குக்கால் தாங்க வேண்டும். யானையே தூண் போன்ற நேரான கால்களோடு நிற்கிறது, குதிப்பதில்லை. நாவல் எழுதுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. கால் தடித்து, நடை மெதுவாகி, விலங்கு தானாகவே நம்பும்படி மாறும்.

எழுதும்போது அதிகம் சறுக்குவது எங்கே?

'ஒரே ஒரு' விலங்கு என்பதில். ஆயிரமாயிரம் ஆண்டாக ஒற்றை விலங்கு வாழாது. இனப்பெருக்கம் செய்யும் கூட்டம் வேண்டும், அதற்கு இரை வேண்டும். நெஸ் ஏரி 37 கிலோமீட்டர் நீளம், 230 மீட்டர் ஆழம்; ஆனால் மீன்வளம் சுமார் 20 டன் என்றே மதிப்பிடுகிறார்கள். வேட்டையாடும் விலங்கின் மொத்த எடை இரையில் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால் 2 டன். ஒரு குடும்பத்துக்குக்கூடக் காணாது. ஏரியோ பனியுகம் முடிந்தபின் உருவானது. 2018இல் ஓட்டாகோ பல்கலைக்கழகத்தின் நீல் ஜெம்மல் குழு சுமார் 250 நீர் மாதிரிகளில் மரபணு தேடியது. ஊர்வன எதுவும் இல்லை, விலாங்கு மீனின் தடயமோ எங்கும் இருந்தது.

கதைக்கு இது தடையல்ல. எங்கிருந்து வருகிறது, என்ன தின்கிறது, குட்டி எங்கே என்ற மூன்றுக்கும் ஆசிரியரிடம் விடை இருந்தால், அவற்றைச் சொல்லாமலே கதையில் உணர்த்திவிடலாம்.

விலங்கை முழுதாகக் காட்ட வேண்டுமா?

காங் போல முகம் பேசுமென்றால் காட்டுங்கள். இல்லாவிட்டால் தாமதிப்பது நலம். 1957இல் வந்த 'தி அபாமினபிள் ஸ்னோமேன்' இமயத்துப் பனிமனிதனான எட்டியை ஏறக்குறைய மறைத்தே வைத்து, கை, நிழல், கண்கள் என்று மட்டும் தந்தது. இமயத்தில் அச்சுறுத்தல் யார் என்ற கேள்வி மனிதர் பக்கம் திரும்பிவிடுகிறது.

உண்மையான கண்டுபிடிப்புகள் எப்படி நிகழ்ந்தன?

பெரும்பாலும் துண்டுகளாக. 1992இல் வியட்நாமின் வூ குவாங் காட்டோரம் வேட்டைக்காரர் வீடுகளில் மாட்டியிருந்த நீண்ட நேரான கொம்புகளிலிருந்து சாவோலா என்ற விலங்கு அறிவியலுக்குத் தெரியவந்தது. 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டனில் மீன்பிடிப் படகு கொண்டுவந்த குவியலில் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் சீலகாந்த் மீனைக் கண்டார். டைனோசர்களோடு அழிந்ததாகக் கருதப்பட்ட வகை அது. அடுத்தது 1952இல் கொமொரோ தீவுகளில் கிடைத்தபோது, அங்குள்ள மீனவர்கள் அதை ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். அவர்கள் மொழியில் பெயரும் இருந்தது.

இந்த வகைப் படங்களில் காட்டுவாசிகள் பயந்து ஓடுபவர்களாகவோ பலி கொடுப்பவர்களாகவோ மட்டும் வருவது மிகப் பெரிய பலவீனம். விலங்கோடு வாழ்பவர்களுக்கு அதன் தடம், இரை, பருவம் எல்லாம் தெரியும். அந்த அறிவைக் கதையில் சேர்த்தால் விலங்கும் உயர்ந்து நிற்கும், மனிதர்களும் உயர்ந்து நிற்பார்கள்.

எட்டியின் சான்றுகள் என்னவாயின?

நேபாளத்தின் கும்ஜுங் மடத்து 'எட்டி உச்சந்தலை'யை 1960இல் ஹிலரியின் குழு சோதனைக்குக் கொண்டுபோனது. மலையாட்டு வகையான செரோவின் தோலால் ஆனது என்று தெரிந்தது. 2017இல் சார்லட் லிண்ட்குவிஸ்ட் குழு ஒன்பது மாதிரிகளின் மரபணுவைப் பார்த்தது: எட்டு கரடிகள், ஒரு நாய்.

எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

1933 'கிங் காங்'. அடுத்து 1954 'கோஜிரா', ஆனால் அதன் ஜப்பானிய மூலத்தை மட்டும்; 1956இல் அமெரிக்க நடிகரைப் புகுத்தி வெட்டிய வடிவத்தில் அணுகுண்டுத் துயரம் வெகுவாக மழுங்கிவிட்டது. 1925 'தி லாஸ்ட் வேர்ல்ட்' நெடுங்காலம் துண்டுகளாகவே கிடைத்தது. மீட்டெடுத்த, முழுமைக்கு நெருங்கிய பதிப்பைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றையும் ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டு, பாதங்களை மட்டும் கவனித்துப் பார்த்தால் மேலே சொன்ன பலவும் கண்ணுக்குத் தெரியும்.